பைபர் நெட்வேர்க் கார்ட்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

'டிரைவர்' என்றால் நமக்கு லொறிச் சாரதிதான் ஞாபகத்துக்கு வருவார். கொம்பியூட்டருக்குள்ளும் ஒரு டிரைவர் இருக்கிறது. உள்ளே செருகும் கார்ட்டை எப்படி இயக்குவது என்று விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது. லொறி புதிதாக இருந்தாலும் சாரதி வராவிட்டால் சரக்கு ஸ்டோரிலேயே கிடக்கும். எனது சகோதரியின் மகனுக்கு நடந்தது அதுதான்.

மருமகன் ஒரு அச்சகம் நடத்துகிறார். முன்கட்டிடத்தில் டிசைன் செய்யும் கொம்பியூட்டர், பின்கட்டிடத்தில் சேர்வர். இரண்டுக்கும் இடையே இருந்த செப்புக் கேபிள் ஒரு மழைக்கால மின்னலில் இரு பக்கத்து போர்ட்களையும் எரித்துவிட்டது. பைபர் கண்ணாடி இழை என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே பைபர் போட்டது சரியான முடிவு. வேகமும் கூடும். 1 கிகாபிட் இணைப்பில் செக்கனுக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்தான் போகும். 10 கிகாபிட்டில் அதன் பத்து மடங்கு. (சேர்வரில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று மட்டும் இருந்தால் இந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். டிஸ்க் அவ்வளவு வேகமாகக் கொடுக்காது.)

அவர் வாங்கியது பாவித்த மெலனொக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 கார்ட் இரண்டு. புதிய கார்ட் ஒன்றின் விலையில் இவை இரண்டும் மொடியூல்களும் வந்து, மிச்சமும் இருந்தது. இரண்டு வருடங்கள் குறையில்லாமல் ஓடின.

சேர்வரில் இருந்தது வீஎம்வெயார் ஈஎஸ்எக்ஸ்ஐ 7. அதற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டதால், அந்த டிசம்பரில் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்து 8ஆம் பதிப்பை ஏற்றினார். கலண்டர் ஓடர்கள் குவிந்திருந்த நேரம். சேர்வர் எழுந்தது, கார்ட்டைக் காணவில்லை! கேபிளை மாற்றினார்கள், மொடியூலை மாற்றினார்கள், வேறு துளையில் செருகிப் பார்த்தார்கள். ஒன்றரை நாள் போனது. பென் டிரைவில் பைல்களைச் சுமந்துகொண்டு பையன்கள் இரண்டு கட்டிடத்துக்கும் ஓடினார்கள்.

கார்ட்டில் பழுதே இல்லை. கனெக்ட்எக்ஸ்-3க்கான டிரைவரை 8ஆம் பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். கார்ட் கொம்பனிக்காரர்களும் அந்த வரிசையைப் பின்னால் விட்டுப் போய்விட்டார்கள். மெலனொக்ஸை என்விடியா 2020இல் வாங்கியது. விண்டோஸில்கூட கனெக்ட்எக்ஸ்-4 முதல் வந்தவற்றுக்கு வேறு டிரைவர் தொகுதி. 3ஆம் வரிசைக்குப் பழையதுதான்.

விற்றவர் மீது மருமகனுக்குக் கோபம். சரக்கின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதை நாம் ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் இந்தக் குறை விற்றவருக்கும் தெரியாது. அவர் விற்ற நாளில் அது குறையும் அல்ல. நாங்களும் அவரிடம் கேட்டது விலையை மட்டும்தான்.

கேட்டிருக்க வேண்டியது என்ன? முதலில், கார்ட்டில் உள்ள சிப் எது என்று. பெட்டியிலுள்ள பெயர் போதாது. ஒரே சிப்பை டெல், எச்பி போன்ற கொம்பனிகள் தமது பெயரில் விற்கின்றன. அவற்றுக்கு அந்தந்தக் கொம்பனியின் பர்ம்வெயார்தான் பொருந்தும். அடுத்து, நாம் இப்போது பாவிக்கும் பதிப்பை மட்டும் பார்க்காமல், அடுத்து ஏற்றப்போகும் பதிப்பின் ஆதரவுப் பட்டியலில் அந்தச் சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை.

மொடியூலிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்டெல் எக்ஸ்520 போன்ற கார்ட்கள் தாம் அங்கீகரிக்காத மொடியூலை ஏற்பதில்லை. லினக்ஸில் ஒரு கட்டளையால் அந்தத் தடையை நீக்கலாம். எல்லா இடத்திலும் அது நடக்காது. ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது கார்ட், இரு முனைக்கும் மொடியூல், பைபர், ஸ்விட்ச் போர்ட், பொருத்தும் கூலி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டே இயந்திரங்கள் என்றால் ஸ்விட்ச் இல்லாமல் நேரடியாகவே இணைக்கலாம். ஒரே ராக்கையில் பக்கத்தில் இருந்தால் பைபரும் வேண்டாம். இரு முனையிலும் மொடியூல் பொருத்தியே வரும் சில மீற்றர் செப்புக் கேபிள் மலிவு.

மருமகன் சேர்வருக்கு கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ் கார்ட் ஒன்று வாங்கிப் போட்டார். அதுவும் பாவித்ததுதான். பழைய 10 கிகாபிட் மொடியூலையே அது ஏற்றுக்கொண்டது. கழற்றிய கார்ட் வீணாகவில்லை. லினக்ஸ் கேர்னலில் அதற்கான டிரைவர் இன்னும் இருப்பதால் பக்கப் இயந்திரத்தில் போட்டார், செருகியவுடன் எழுந்தது. ஒன்றரை நாள் நின்ற கலண்டர் வேலைக்குத்தான் இரவு முழுக்க மெஷின் ஓட்டி, பையன்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொகை, முதலில் மிச்சம் பிடித்ததை விடக் கூட.