வீட்டில் நிற்பதும் வீட்டில் கற்பதும்

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹாவாட் பல்கலைக்கழகம் ஆடு வளர்க்கும் பையன் ஒருவனை மாணவனாகச் சேர்த்துக்கொண்டது. கிராண்ட் கோல்பக்ஸ் என்ற அந்த இளைஞன் கட்டிளமைப் பருவத்தில் பாடசாலைக்குப் போகாமல், கலிபோர்ணியா மாநிலத்தின் பூன்வில் என்ற சிற்றூருக்கு அருகேயுள்ள மலைக்காணி ஒன்றில் வளர்ந்தவன். தந்தை டேவிட் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 1970களில் பல்கலைக்கழக வாழ்வை விட்டு, மனைவி மிக்கியுடனும் பிள்ளைகளுடனும் மலைக்குப் போய், மின்சாரமோ தொலைபேசியோ இல்லாத காட்டுக் காணியில் தம் கைகளாலேயே வீடு கட்டிக் குடியேறினார். கிராண்டுக்குப் பின் அவனுடைய தம்பிமாரில் இருவர் அதே பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். கிராண்ட் வைத்தியராகி, 2012இல் வெள்ளை மாளிகையின் எயிட்ஸ் கொள்கை அலுவலகத்தின் பணிப்பாளராகவும், 2019இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் பொதுச் சுகாதாரப் பணிப்பாளராகவும் நியமிக்கப்பட்டார்.

பத்திரிகைகள் ஹாவாட்டைப் பற்றியே எழுதின. கிராமங்களில் வேலை செய்யும் எமக்கோ ஆடுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அந்த வீட்டில் வேலை என்பது படிப்பு முடிந்த பின் செய்யும் ஒன்றாக இருக்கவில்லை. காணி துப்புரவாக்குவதும் வீடு கட்டுவதும் கால்நடை பார்ப்பதும் பிள்ளைகள் இல்லாமல் நடக்க முடியாத வேலைகளாக இருந்தன. பால் ஆடுகளை வளர்த்து நல்ல இனமாக்கும் பொறுப்பு பிள்ளைகளுடைய கைகளிலேயே இருந்தது.

எமது வாசகர்களில் ஆடு வளர்க்காதவர்கள் குறைவு. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்வோம். ஓர் ஆடு சினைப்பட்டு ஏறத்தாழ 150 நாட்களில் குட்டி போடும். எந்த நாளில் கிடாய் விட்டோம் என்று கொப்பியில் எழுதி வைக்கும் பிள்ளைக்குக் குட்டி போடும் கிழமை முன்கூட்டியே தெரியும். இரண்டு ஆடுகளின் பாலை ஒரு மாதம் அளந்து எழுதினால், தீனுக்குச் செலவான பணத்தையும் பால் விற்று வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்த ஆடு குடும்பத்தைத் தாங்குகிறது, எதைக் குடும்பம் தாங்குகிறது என்பது அப்போது தெரியும். எந்தத் தாயின் குட்டியை வைத்திருப்பது, எதை விற்பது என்று தீர்மானிக்கப் போகும்போது பரம்பரையியல் வந்துவிடுகிறது. வயிறு ஊதி ஒரு குட்டி செத்தால் உயிரியல் வந்துவிடுகிறது. பாடசாலைப் புத்தகத்தில் நூற்றுவீதம் என்று இருப்பதையே பிள்ளை இங்கும் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால், விடை பிழைத்தால் நட்டம் தன்னுடையது.

பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிப்பது அந்த ஒரு குடும்பத்தின் விநோதமும் அல்ல. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே, பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் பாடசாலை மூலமோ வேறு வழியாலோ கொடுப்பது பெற்றாரின் கடமை என்று சொல்லி வழி திறந்துவிட்டது. அமெரிக்காவில் 1993 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டப்படி இயலுமாயிற்று. 1999இல் அங்கே சுமார் 850,000 பிள்ளைகள் வீட்டில் கற்றார்கள். 2016இல் அத்தொகை ஏறத்தாழ 17 இலட்சம். ஜேர்மனியோ இதை அனுமதிப்பதில்லை. அங்குள்ள பெற்றார் சிலர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போயும் 2006இல் வழக்கு அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அடுப்படியில் வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்க எந்தத் தாயாலும் முடியும். பதினான்கு வயதில் நிலைமை வேறு. அட்சரகணிதம் தாய்க்கு மறந்து போயிருக்கும். தாய் சொல்லிக் கொடுப்பதைப் பிள்ளையும் விரும்பாது. பாடசாலைக்குப் போகும் பிள்ளை கணக்குப் பிழைத்தால் ஏசுவது ஆசிரியர். வீட்டுக்கு வந்தால் ஒரு தேநீரும் ஆறுதல் சொல்ல ஓர் ஆளும் உண்டு. வீட்டில் கற்கும் பிள்ளைக்கோ காலையில் கணக்குக்காக ஏசிய வாயே இரவில் சோறு போட்டுவிட்டு “சாப்பிடு பிள்ளை” என்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இக்குடும்பங்களின் பெரிய சோதனை. பாடத்திட்டம் அதற்கு அடுத்ததுதான்.

இதில் தேறிய குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. பிள்ளை வளர வளரப் பெற்றார் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, ஆசிரியரைத் தேடிக் கொடுக்கும் வேலைக்கு மாறுகிறார்கள். கிழமைக்குரிய வேலையைப் பிள்ளையே எழுதி வைக்கிறது. பெற்றார் கிழமை முடிவில் பார்க்கிறார்கள். தச்சரிடம் ஒரு நாள், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவரிடம் ஒரு நாள் என்று வேறு பெரியவர்களிடம் அனுப்புகிறார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒருவருக்கு இரசாயனம், ஒருவருக்கு மொழி என்று பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கிலாந்தில் இப்பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகவே பொதுப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். பரீட்சை நிலையத்தைத் தேடுவதும் கட்டணம் கட்டுவதும் பெற்றாரின் பாடு.

இதற்கொரு விலை உண்டு; பெரும்பாலும் அதைக் கட்டுவது தாய். வேலைக்குப் போவதை நிறுத்துபவர் அவர்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. உலகத்துக்குப் பயந்து பிள்ளையை அடைத்து வைக்கும் பெற்றாரும் இதே சட்டத்தின் நிழலில் நிற்கலாம். வெளியார் எவரும் காணாத பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் கற்கும் பிள்ளைகளின் பெயர்களைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று இங்கிலாந்தில் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்துக்குச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றாரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னதை நாமும் பிரசங்கங்களில் எடுத்துச் சொல்கிறோம். முதல் ஆசிரியர் என்றால் ஒரே ஆசிரியர் என்று பொருளல்ல.

எமது நாட்டுக்கு வருவோம். 1945இல் கிடைத்த இலவசக் கல்வி ஏழைகளுக்குக் கிடைத்த சொத்து. அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்று நாம் எவருக்கும் சொல்ல மாட்டோம். கட்டாயக் கல்வி வயதெல்லையும் 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆனாலும் 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, விரும்பியோ விரும்பாமலோ ஒவ்வொரு வீடும் பாடசாலையாயிற்று. கையில் ஒரு கைத்தொலைபேசி, டேட்டா போடக் காசில்லை, சிக்னல் தேடி மேட்டுக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகள், பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்ட பெற்றார். அதை வீட்டுக் கல்வி என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

எமது கிராமங்களில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. பாடசாலையை விட்ட பெண்பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டால் தாய் சொல்வார்: “வீட்டில நிக்கிறாள், பாதர்.” நிற்கிறாள் என்பது சொல், உண்மையில் ஒரு நிமிடம் நிற்க நேரமில்லை. விடியற்காலை தண்ணீர் அள்ளுகிறாள், சமைக்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், தாய் கொழுந்து எடுக்கவோ வயலுக்கோ போன பின் வீட்டைப் பார்க்கிறாள். ஆண்பிள்ளை என்றால் தகப்பனுடன் கூலிக்குப் போகிறான், அல்லது சந்தியில் நிற்கிறான்.

கோல்பக்ஸ் பிள்ளைகளும் வேலைதானே செய்தார்கள், இந்தப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அந்தப் பெற்றார் படித்தவர்கள் என்பது உண்மை. வீட்டில் புத்தகங்கள் இருந்தன என்பதும் உண்மை. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பதினான்கு வயதில் சோறு வடித்த பெண்பிள்ளை பதினேழு வயதிலும் அதே சோற்றைத்தான் வடிக்கிறாள். போன மாதம் தெரியாதிருந்த எதையும் இந்த மாத வேலை அவளிடம் கேட்பதில்லை. அவள் செய்யும் எதற்கும் அவள் பெயரில் கணக்கில்லை. ஒரு நாளில் ஒரு மணித்தியாலமாவது எவரும் கூப்பிடாத நேரம் அவளுக்கில்லை. இதே அடுப்படியில், கடைக்கடன் கொப்பியை அவளிடம் கொடுத்து “இந்த மாதம் எதைக் குறைக்கலாம், நீ பார்த்துச் சொல்லு பிள்ளை” என்று தகப்பன் கேட்கும் வீடு வேறு வீடு. அவள் சொன்னதை அவர் செய்தும் காட்டினால், அங்கே ஒரு கல்வி தொடங்கிவிட்டது.

இதைச் சோதித்துப் பார்க்க எல்லா வீட்டுக்கும் ஒரு காலம் வருகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. 2021 மார்ச்சில் பரீட்சை எழுதியவர்களுக்குப் பெறுபேறு செப்டெம்பரில்தான் வந்தது, அரை வருடம்! வசதியுள்ளவர்கள் கணினி வகுப்புக்கோ உயர்தர ரியூசனுக்கோ அனுப்புகிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் அந்த மாதங்களில்தான் கடைக்கும் தைப்பு ஆலைக்கும் போய், சித்தியடைந்திருந்தும் திரும்பி வராமல் விடுகிறார்கள். கையில் சம்பளம் வந்த பிள்ளையைத் திரும்பவும் வாங்கில் இருத்துவது இலேசல்ல.

இந்த மாதங்களுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஒரு பெண் ஆட்டையோ கால் ஏக்கரையோ பிள்ளையின் பொறுப்பில் விடலாம். விற்று வந்ததில் ஒரு பங்கைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்க வேண்டும். பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரும் இல்லாத இடத்தை நாம் காணவில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம் அவரிடம் ஆங்கிலமோ கணிதமோ படிக்க ஐந்து பிள்ளைகள் போனால் அவருக்கும் சந்தோஷம். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பரீட்சைத் திணைக்களம் வெளியிடும்போது அதைக் கவனித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். திகதி தவறியதால் மாத்திரம் ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

தகப்பன்மாருக்குத்தான் இது கடினம். உரம் எவ்வளவு போடுவது என்று மகன் புத்தகம் பார்த்துச் சொன்னால், “எனக்கே பாடம் எடுக்கிறியோ?” என்ற சொல் வாயில் வந்து நிற்கும். ஒரு பாத்தியை மகன் சொன்னபடியும் இன்னொன்றைத் தன் வழக்கப்படியும் செய்து பார்க்கும் தகப்பன் கெட்டிக்காரர். எந்தப் பாத்தி நன்றாக வந்தாலும் அது அவருடைய தோட்டம்தானே.

மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் நாம் இதையெல்லாம் பேசி, மாலை ஆறு மணி தொடக்கம் ஏழு மணி வரை பெண்பிள்ளைகளை எவரும் கூப்பிடக் கூடாது என்று சொன்னபோது ஒரு தாய் எழுந்து கேட்டார்: “அப்ப ஆர் பாதர் சமைக்கிறது?” நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அன்று அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆகவே அடுத்த கிழமை கமக்காரர் கூட்டத்தில் அதே கேள்வியைப் போட்டோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் தனக்குத் தேங்காய் திருவத் தெரியும் என்றார். இன்னொருவர் தேநீர் போடுவேன் என்றார். தேங்காய் திருவுவதற்கு நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சோறு வடிக்க இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.