புல்லட் ரயில் வேண்டாம், கோச்சி கல்முனைக்கு வந்தால் போதும்

உம்றாவுக்குப் போய் வந்த நம்மூர் வியாபாரி ஒருவர் அண்மையில் என் கடையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். சுபஹுத் தொழுதுவிட்டு மக்காவில் ரயில் ஏறியவர் ளுஹருக்கு வெகு முன்பே மதீனாவில் இறங்கிவிட்டாராம். 2018 இல் ஓடத் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயில் அது. ஏறத்தாழ 450 கிலோமீற்றர் பாதை, மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம். "நம்ம நாட்டிலும் இப்படி ஒன்று வந்தால் காலையில் புறக்கோட்டையில் சரக்கைப் போட்டுவிட்டு அசருக்கு ஊருக்கு வந்திடலாமே காக்கா" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கல்குலேட்டரை எடுத்தேன்.

இந்தோனேசியாவில் ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் வரை 142 கிலோமீற்றருக்கு 2023 இல் அதிவேக ரயில் விட்டார்கள். செலவு 700 கோடி டொலருக்கும் மேல். ஒரு கிலோமீற்றருக்கு 5 கோடி டொலர் என்று வையுங்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குத் தண்டவாளத்தின் தூரம் சுமார் 350 கிலோமீற்றர். பெருக்கினால் 1,750 கோடி டொலர்! 2022 இல் வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று உலகத்துக்கு அறிவித்த நாடு இது. அப்படியே யாராவது கடன் தந்தாலும் வட்டியை டிக்கட்டில்தான் போடுவார்கள். அந்த விலை கொடுத்துச் சாறன் மூட்டையோடு யார் ஏறுவது? மூட்டையை அந்த ரயிலில் ஏற்றவும் விடமாட்டார்கள். அது ஆட்களுக்கான வண்டி.

நம்முடைய கோச்சிக்கு வருவோம். வெள்ளைக்காரன் 1920களின் கடைசியில் மட்டக்களப்பு வரை பாதை போட்டான். அதற்கு அப்பால் இன்றுவரை ஒரு முழம்கூட நீளவில்லை. சின்ன வயதில் வாப்பாவோடு துணி மூட்டைகளுக்கு நடுவில் வானில் குந்தி மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். சாறன்களைச் சாக்கில் கட்டி, நீல மையால் விலாசம் எழுதி, பார்சல் பிடித்து, துண்டைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைப்பார். மடியில் பணம் இருந்தால்கூட அவ்வளவு கவனமாக இருக்கமாட்டார். பிறகு யுத்தம் வந்தது. ரயிலும் நின்று நின்று ஓடியது. நாங்கள் லொறிக்கு மாறினோம், மாறியவர்கள் திரும்பவில்லை.

லொறியின் இலட்சணத்தையும் சொல்லத்தானே வேண்டும். சில வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாளுக்கு அனுப்பிய என் சரக்கு ஒன்று வழியில் லொறி பழுதாகி, மூன்று நாள் பிந்திக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தது பெருநாளைக்கு மறுநாள். அரைவாசி விலைக்கும் கேட்க ஆளில்லை. தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க நான் கைமாற்று வாங்கினேன்.

ஆகவே வியாபாரிக்குத் தேவை வேகம் அல்ல, சொன்ன நேரம். நூலும் சாயமும் கொழும்பிலிருந்து வர வேண்டும், துணி கொழும்புக்குப் போக வேண்டும். இரவு ஏற்றினால் காலையில் கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தால் மணிக்கு 80 கிலோமீற்றரே நமக்குத் தாராளம். இப்போதுள்ள பாதையோ மாஹோவைச் சுற்றி, கல்ஓயாவால் திரும்பி, பொலன்னறுவையைக் கடந்து வருகிறது. பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஸ்டேஷனில் காத்து நிற்க வேண்டும். யானைகள் வேறு! 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கத்தில் மட்டக்களப்புப் பாதை ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டுக்குள் வேகத்தைக் கூட்டு என்று எந்த மனிதனும் கேட்கமாட்டான்.

தெற்கைப் பாருங்கள். மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குச் சுமார் 27 கிலோமீற்றர் புதுப் பாதை 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு புதிதாகப் போட்ட முதல் பாதை என்றார்கள். 120 கிலோமீற்றர் வேகத்துக்குக் கட்டியது. சீனக் கடன் சுமார் 28 கோடி டொலர், அதாவது கிலோமீற்றருக்கு ஒரு கோடி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு 40 கிலோமீற்றர்கூட இல்லை. அதே கணக்கில் 40 கோடி, வாவியைக் கடக்கும் பாலத்துக்குக் கொஞ்சம் கூட. 1,750 எங்கே, 40 எங்கே?

தேர்தல் காலத்தில் கல்முனைக்கு ரயில் வருகிறது என்று கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. மேடையில் ஏறுகிறவர்கள் பாதை எங்கே போகும் என்பதை மட்டும் சொல்வதில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று எழுவான்கரை முழுக்க வீட்டோடு வீடு ஒட்டிக்கிடக்கிறது. 2004 சுனாமி கடற்கரைக் காணியைத் தின்றபிறகு மருதமுனையில் ஒரு பேர்ச் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். படுவான்கரையால் கொண்டுபோனால் வீடுகள் தப்பும், வயல் போகும், ஸ்டேஷனும் ஊருக்குத் தூரமாகிவிடும்.

இந்தக் கணக்கை அன்றைக்கே கடையில் சொன்னேன். "சரி, உங்கட வளவுக்குள்ளால பாதை வந்தா குடுப்பீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு உம்றா போய் வந்தவர்தான் கேட்டார்: "ஸ்டேஷன் மருதமுனையிலயா, கல்முனையிலயா காக்கா?"