ஒப்பந்த உழைப்பும் தொழில்நுட்பத் திறனும்

எத்தொழில்நுட்பத்துக்குச் சந்தையிற் கேள்வி உண்டு என்பதே யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர் பெரிதும் அறிய விழைவதாகும். அக்கேள்வியைத் தோற்றுவிக்கும் சக்திகளை வரலாற்றடிப்படையில் நாம் நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் வெள்ளீயமும், பின்னர் இறப்பரும் பிரித்தானிய மூலதனத்தை ஈர்த்தபோது, புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் ஆங்கிலங் கற்ற ஊழியர் வேண்டப்பட்டனர். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற யாழ்ப்பாணத்தவர் பலர் அங்குச் சென்றனர். அது காலனித்துவத்தின் தேவையே. எனினும் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓய்வூதியம் இருந்தது. ‘மலாயாப் பென்சன்காரர்’ எனும் வழக்கு அதற்குச் சான்று. 1973 இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் மின்னிணைப்பாளரையும் குழாய் பொருத்துநரையும் முகவர் வழியாக அழைத்தன. ஓய்வூதியம் மறைந்து ஒப்பந்தமே எஞ்சியது.

கணினித்துறையில் இப்போக்கு மேலும் கூர்மையடைந்தது. 1959 இல் உருவான கோபோல் மொழியிலமைந்த பழைய நிரல்கள் பல, ஆண்டை ஈரிலக்கத்திற் குறித்தன. 2000 ஆம் ஆண்டு நெருங்க, அவற்றைத் திருத்த வல்லோருக்குக் கேள்வி பெருகியது. ஆள்வழங்கும் நிறுவனங்கள் இந்தியரைப் பெருமளவில் அமெரிக்காவுக்கு அனுப்பின. அந்நாடு எச்-1பி விசாவின் பொது வரம்பை 65,000 இலிருந்து 1999 நிதியாண்டில் 115,000 ஆகவும், 2001 இல் 195,000 ஆகவும் உயர்த்தி, 2004 இல் மீண்டும் 65,000 ஆக்கியது. மனிதரின் ஆற்றல் குறையவில்லை. மூலதனத்தின் தேவையே குறைந்தது.

இன்று யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுவோர் உளர். வேண்டப்படும் திறனின் பெயர் மாறுந்தோறும், புதிதாய்க் கற்கும் செலவு ஒப்பந்த ஊழியர் தலையிலேயே விழுகிறது. ஆகவே எத்திறன் விலைபோகும் என்பதோடு, அது விலைபோகாத நாளிற் செலவை ஏற்பவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். தனித்து நிற்கும் ஊழியர் எழுப்பவியலாத அவ்வினா தொழிற்சங்கத்துக்குரியது.