பயிற்சிக்குப் போகும் நாள்களும் பட்டத்தில் சேரும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது ஆண்டுதோறும் ஓரிரு மாணவர்களாவது, "ஐயா, விஸ்காம் எடுக்கலாமா? இதழியல் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். கட்டணம், விடுதி, பேருந்து வசதி எல்லாவற்றையும் பேசுகிறோம். அந்தப் படிப்பில் உள்ளகப் பயிற்சி உண்டா, அதற்கு எத்தனை கிரெடிட் என்று கல்லூரியில் விசாரிக்கச் சொல்வதில்லை. தகவல் தொடர்பு சார்ந்த படிப்பில் சேர்பவர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது.

கிரெடிட் என்பது மதிப்பெண் அல்ல. ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிடும் நேரத்தைக் கணக்கில் கொண்டு தரப்படும் அலகு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிரெடிட் சேர்ந்தால்தான் பட்டம் கிடைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பின்படி வகுப்பறைப் பாடம் என்றால் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். உள்ளகப் பயிற்சி என்றால் 30 மணி நேரத்துக்கு ஒன்று. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் பல இளநிலைப் படிப்புகளுக்கு நான்காம் பருவம் முடிந்த கோடை விடுமுறையில் பயிற்சி வைத்து, ஐந்தாம் பருவத்தில் 2 கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள். மானியக் குழுவின் கணக்குப்படி 2 கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம் என்றால் பத்து வேலை நாள்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த எண்ணிக்கை மாறும். அந்தந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்வதே சரி.

எங்கள் பள்ளியில் படித்துவிட்டு விஸ்காம் சேர்ந்த ஒரு மாணவர், கோடை விடுமுறையில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் இரண்டு மாதம் உழைத்தார். படத்தொகுப்பு நன்றாகவே கற்றுக்கொண்டார். ஐந்தாம் பருவத்தில் கல்லூரியில் கேட்டபோது, முன் அனுமதி இல்லை, பணிக் குறிப்பேடு இல்லை என்று ஏற்கவில்லை. பருவத் தேர்வுகளுக்கு நடுவே வேறோர் இடத்தில் பயிற்சியை மறுபடி செய்தார். அந்த இரண்டு மாதத்தில் கற்றது அவரிடம் இருக்கிறது. கிரெடிட் கணக்கில்தான் சேரவில்லை. அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். இப்படி ஒரு விதி இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும், நம்மைத் தவிர?

ஆசிரியர்களாகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட். இரண்டு ஆண்டாக மாறியபோது 20 வாரப் பள்ளிப் பயிற்சி கட்டாயமானது. நம் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்கள் கையில் பாடக்குறிப்பு, வருகைப் பதிவு, உற்றுநோக்கல் ஏடு எல்லாம் இருக்கும். தலைமையாசிரியரிடம் கையொப்பத்துக்கு நிற்பார்கள். எவ்வளவு அருமையாகப் பாடம் நடத்தினாலும் அந்த ஏடுகள் இல்லாமல் பயிற்சி முடிந்ததாகாது. ஊடகப் பயிற்சியிலும் இதே நடைமுறைதான். துறைத் தலைவரின் அனுமதிக் கடிதத்தோடு போக வேண்டும். நிறுவனத்தில் ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அன்றன்று செய்த வேலையைத் தேதி, நேரத்துடன் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். முடிவில் சான்றிதழும் அறிக்கையும் தர வேண்டும். பல கல்லூரிகளில் வாய்மொழித் தேர்வும் உண்டு. ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பெயர்பெற்ற எழுத்தாளர்களை உருவாக்கியது. ஆனாலும் எந்த நிறுவனத்தின் பயிற்சியும் தானாகவே கல்லூரிக் கிரெடிட்டாக மாறிவிடாது. கல்லூரி ஏற்றுக்கொண்டால்தான் உண்டு.

இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் இது நெடுநாள் வழக்கம். அங்கே பல மாணவர்கள் சம்பளமில்லாத பயிற்சிக்குப் போவதோடு, அதற்கான கிரெடிட்டுக்குக் கல்லூரியில் கட்டணமும் கட்டுகிறார்கள். கிரெடிட் கிடைக்கிறதே என்று சும்மா வேலை வாங்கும் இடங்கள் இங்கேயும் இருக்கலாம். நாள் முழுவதும் கேபிள் சுருட்டவும் தேநீர் வாங்கவும் விட்டால் அது பயிற்சியே அல்ல என்று மாணவர் துறையில் புகார் செய்யலாம்.

ஊடகம் என்றாலே சென்னைதான் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பென்னாகரத்துப் பெண்பிள்ளையைத் தனியாகச் சென்னைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அறை வாடகைக்கும் வழி வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் வரும் ரூ.1,000 பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவும், சென்னை வாடகைக்குப் போதாது. தருமபுரியிலேயே அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உழவருக்குச் செய்தியைப் புரியும்படி கொண்டு சேர்ப்பதும் தகவல் தொடர்புதான். இடம் தருவது அந்தந்த அலுவலகத்தின் முடிவு. கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

இங்கே செய்வதற்கு வேலையும் நிறைய உண்டு. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாயில் காவிரி நீர் வந்த பிறகும், குடிக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே ருசி என்பவர்கள் இருக்கிறார்கள். பல்லில் கறை ஏன் வருகிறது என்று ஒரு பாட்டிக்குப் புரியும்படி மூன்று நிமிட வானொலி உரை எழுதச் சொன்னால், ஒரு மாணவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும், குடிநீர் வாரியப் பொறியாளரிடம் பேச வேண்டும், ஊருக்குள் போய் நாலு பேரைக் கேட்க வேண்டும், நான்கு முறை திருத்தி எழுத வேண்டும். 60 மணி நேரம் அதற்கே சரியாகிவிடும். பயிற்சி அறிக்கையில் எழுத விஷயமும் கிடைத்துவிடும்.

பள்ளியிலேயே இதற்கான பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். தேன்சிட்டு இதழுக்கு எழுதும் பிள்ளைகள், இலக்கிய மன்றக் கூட்டத்துக்கு அறிக்கை தயாரிப்பவர்கள், ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்குபவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அவர்களுக்கு ஒரு 40 பக்க நோட்டு கொடுத்து, என்ன செய்தாய், எவ்வளவு நேரம் ஆனது, எதைத் திருத்தினாய் என்று தேதி போட்டு எழுதச் சொல்கிறோம். வாரம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடுகிறோம். கல்லூரி தேடும் பருவத்தில் நான் முதல்வன் வழிகாட்டல் வகுப்பில் அந்த நோட்டையே காட்டி, பயிற்சிக்கு எத்தனை கிரெடிட், எப்போது அனுமதி வாங்க வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்புகிறோம். பதில்களைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டு நிரப்பிக்கொள்ளச் சொல்கிறோம்.