வெள்ளி அடைத்த பல்லும் வீண் பயமும்

பல் போனால் சொல் போச்சு என்பர் எம் முன்னோர். இப்போதோ, பல்லில் அடைத்த வெள்ளியால் புத்தியே போய்விடும் என்ற அச்சம் எம்மவர் சிலரைப் பிடித்திருக்கிறது.

சென்ற பனிக்காலத்தில், இங்கே வெக்ஸ்போர்ட்டில் வசிக்கும் ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். பிறந்தது முதல் சைவ உணவுக்காரர். ஊரில் படித்த காலத்தில் அடைத்த பற்கள் ஆறு. சில மாதங்களாகக் கால் விறைக்கிறது, நடை தள்ளாடுகிறது, தெரிந்தவர்களின் பெயர் மறந்துபோகிறது.

“பல்லுக்கை இருக்கிற பாதரசம் கசிஞ்சு மூளைக்கு ஏறுதாம் தம்பி. ஆறையும் கிளப்பப்போறன். மகன் காசுக்கு ஒழுங்கு செய்திட்டான்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நாம் ‘வெள்ளி அடைப்பு’ என்பது தனி வெள்ளியன்று. நிறையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இவற்றைக் குழைத்துப் பல்லில் வைத்தால் இறுகிவிடும். இறுகி ஆண்டுகள் பல சென்றாலும் அதிலிருந்து சிறிதளவு பாதரசம் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். உணவை மெல்லும்போதும், பல் துலக்கும்போதும், சூடாகத் தேநீர் அருந்தும்போதும் இது கூடும். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்போருக்கு இன்னும் கூடும். மூச்சுடன் உள்ளே செல்லும் ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு இரத்தத்தில் சேர்கிறது. பின்னர் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகக் கழிகிறது.

ஆனால் அளவு என்ன? பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்குச் சில மைக்குரோகிராம் மட்டுமே. ஒரு மைக்குரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. போர்த்துக்கலிலும் அமெரிக்காவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வெள்ளி அடைப்பும் மறு பிரிவினருக்கு வெள்ளை அடைப்பும் வைத்து, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. வெள்ளி அடைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடியிருந்தது. ஞாபகசக்தியிலோ அறிவுத்திறனிலோ அதனால் பாதிப்பு காணப்படவில்லை.

அப்படியாயின் எவருக்கும் கவலை இல்லையா? உண்டு. கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளின் பாற்பற்களுக்கும், சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் புதிதாக வெள்ளி அடைப்பு வைப்பதைத் தவிர்க்குமாறு கனடிய சுகாதாரத் திணைக்களம் 1996இலேயே அறிவுறுத்தியது. நன்றாக இருக்கும் பழைய அடைப்பை, ஒவ்வாமை எதுவும் இல்லாதவரிடத்தில், கழற்ற வேண்டாம் என்றும் அதே திணைக்களம் கூறியது. காரணம் எளிது. அடைப்பைத் துளைத்து எடுக்கும் வேளையில்தான் ஆவி மிகுதியாகக் கிளம்புகிறது; கூடவே நல்ல பல்லும் குறைகிறது.

“பயமில்லை என்றால் நாடுகள் ஏன் தடை செய்கின்றன?” என்று கேட்பீர்கள். ஜப்பானின் மினமாட்டா நகரில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களை முடமாக்கியது 1956இல் தெரியவந்தது. அந்நகரின் பெயரால் 2013இல் எழுதப்பட்ட உடன்படிக்கையில் கனடா, இலங்கை, இந்தியா மூன்றும் சேர்ந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, அவசியமான சில நிலைகள் நீங்கலாக, வெள்ளி அடைப்பை நிறுத்தியது. 2034க்குள் உலகெங்கும் கைவிடுவதென 2025 நவம்பரில் உடன்பாடு கண்டனர். இதன் முதல் நோக்கம் பாதரசம் ஆற்றிலும் கடலிலும் சேராமற் காப்பது. இங்கு ஒன்ராறியோவில் பல் வைத்தியர்கள் அடைப்புத் துகளைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி வைத்திருக்க வேண்டுமென்ற விதியும் இதற்காகவே.

பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுரக்கவென்று சுறா சமைத்துக் கொடுப்பது எம் வழக்கம். மீனிலுள்ள பாதரசம் வேறு வகை, அதனிலும் கொடியது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவை மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் உண்ண வேண்டாம் என்பது கனடிய அரசின் அறிவுரை. பாதரசத்துக்கு அஞ்சும் வீட்டில் பல்லுக்கு முன் மீன்சட்டியைப் பார்ப்பது நன்று.

இனி அந்த அம்மையாரின் கதைக்கு வருவோம். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் பி-12 மிகக் குறைந்திருந்தது. மாமிசம், மீன், முட்டை உண்ணாதவர்களுக்கும், நீரிழிவுக்கு மெற்போமின் குளிசையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இது எளிதில் வரும். விறைப்பும் தள்ளாட்டமும் மறதியும் அதன் அறிகுறிகளே. காலம் கடந்தால் நரம்பு திரும்பாது. ஊசி தொடங்கிச் சில மாதங்களில் நடை நேராகியது, மறதியும் குறைந்தது. பெருவிரல்களில் மாத்திரம் விறைப்பு இன்னும் இருக்கிறது. பல்லைக் கிளப்பிவிட்டுப் பலனுக்குக் காத்திருந்தால் எவ்வளவு இழந்திருப்பாரோ!

ஆறு அடைப்புகளில் ஒன்று மட்டும் வெடித்து, அதன் கீழே சொத்தை பிடித்திருந்தது. பல் வைத்தியர் இறப்பர்த் திரை இட்டு, நீர் தெளித்து, உறிஞ்சும் குழாய் வைத்து அதை மாற்றினார். மற்ற ஐந்தும் அவர் வாயிலேயே இருக்கின்றன.

ஆகவே அன்பர்களே, பழைய அடைப்பை ஆண்டுதோறும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெடித்திருந்தால், சொத்தை இருந்தால் மாற்றுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். பற்காப்புறுதி இல்லாத, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தோருக்கு 2024இல் தொடங்கிய கனடியப் பற்பராமரிப்புத் திட்டம் உண்டு, விண்ணப்பியுங்கள். கால் விறைத்தாலோ ஞாபகம் தடுமாறினாலோ பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். முதலில் உங்கள் குடும்ப வைத்தியரைப் பாருங்கள்.