நூலகருக்கும் பயிற்சி வேண்டும்

நூலகப் பணி என்றால் அலமாரியைத் திறப்பதும் பூட்டுவதுமே என்று எண்ணுவோர் இன்றும் உளர். 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவியை ஏற்ற கணிதப் பேராசிரியர் எஸ். ஆர். அரங்கநாதனுக்கும் அவ்வேலை முதலில் சலிப்பையே தந்தது. கல்லூரி வகுப்புக்கே திரும்பிவிட விரும்பினார். அவ்வாண்டே பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், அங்கே குழந்தைகளும் தொழிலாளரும் பெண்டிரும் பொது நூலகங்களை உரிமையோடு பயன்படுத்தக் கண்டார். மனம் மாறிற்று.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே நூலகர்களுக்கு அது பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகம் அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. நூல்களைப் பகுக்கவும் பட்டியலிடவும் ஒரு படிப்பா என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கலாம். பயிர் நோய்க்கு வழி தேடி வரும் உழவர், நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ சொல்லமாட்டார். தம் வயலைப் பற்றித்தான் சொல்வார். அந்தப் பேச்சிலிருந்து உரிய நூலைக் கண்டெடுக்கும் திறமை, நாற்காலியில் பல்லாண்டு அமர்ந்திருப்பதால் மட்டும் வந்துவிடாது. நூலகப் பயிற்சியின் உயிர் இதுவே என்று நான் கருதுகிறேன்.

அதே 1931-இல், மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் புறப்பட்டன. பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. இவ்வாறு ஊர் ஊராகச் செல்லும் நூலகர் இன்னொன்றும் பழக வேண்டும். எழுத்தறியாதவர் அருகில் வந்து நின்றால், நூலை விரித்து அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.