மார்ச்சில் பூ தேடிப் போகிறவர்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் பெங்களூருக்காரர்களின் செல்போனெல்லாம் இளஞ்சிவப்புதான். டபேபுயா பூத்துவிட்டது என்று ஒரு படம் கிளம்பினால் போதும், அடுத்த ஞாயிறே அந்தச் சாலையில் செல்ஃபிக் கூட்டம். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் டபேபுயா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மரம். ஜகரண்டாவுக்குத் தென்னமெரிக்கா, குல்மோஹருக்கு மடகாஸ்கர். ஒன்று உதிர்வதற்குள் இன்னொன்று பூக்கும்படி தெருக்களுக்கு மரம் தேர்ந்தவர், 1908-இல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் குஸ்டாவ் கிரும்பிகல். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் லட்சக்கணக்கில் கன்றுகள் நட்டார். ஊருக்குள் நாம் காணும் வசந்தம் பெரும்பாலும் இப்படி ஆள்வைத்து நட்டது.

யாரும் நடாத வசந்தம் ஊருக்கு வெளியே, மாகடிப் பக்கத்துச் சாவனதுர்காவிலும் ராமநகரப் பாறைகளிலும் பன்னேர்கட்டா காட்டோரத்திலும் இருக்கிறது. இருட்டோடு டெம்போ டிராவலரில் கிளம்பும் மலையேற்றக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கு உச்சியில் சூரியோதயம் பார்ப்பதுதான் குறி. பூ வழியிலேயே தங்கிவிடும். மீதிப் பேர் தரையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இந்த மலைகளில் சிறுசெடிகள் தரையோடு பூப்பது மழை பெய்த பிறகு, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. மார்ச்சில் தரையில் காய்ந்த புல்தான். பூவெல்லாம் மரத்தில்.

புரசு மரத்தடியில் கொஞ்சம் நின்று பாருங்கள். சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம், கன்னடத்தில் முத்துகா. இதன் இலைகளைத் தைத்து அதில் சாப்பிட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. மார்ச்சில் அந்த இலை ஒன்றுகூட இருக்காது, கோணல்மாணலான கிளை முழுக்கச் செம்மஞ்சள் பூ. உதிர்ந்ததில் ஒன்றைக் கையில் எடுத்தால், அடியில் கரும்பழுப்பு வெல்வெட் கிண்ணம். அதிலிருந்து அப்படியே கிளிமூக்காக வளையும் இதழ். அதன்மேல் வெள்ளி போல மெல்லிய ரோமம். தேன் கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. ஊதாத் தேன்சிட்டு அலகை நுழைத்துக் குடிக்கும்போது மகரந்தம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. அணில்களும் விடுவதில்லை.

இலை உதிர்த்துவிட்டுப் பூப்பதில் கணக்கு இருக்கிறது. மறைக்க இலை இல்லாததால் பறவைக்குத் தூரத்திலிருந்தே பூ தெரிகிறது. மார்ச்சில் பூத்தால் மே, ஜூனில் காய் முற்றும். தட்டையான காய் காற்றில் பறந்து விழும் நேரத்துக்கு மழையும் வந்துவிடும். பாறைச் சரிவில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் கோங்கும் இதே வழிதான். புங்கை அப்படியல்ல. அது தளிரும் பூவுமாக நிற்கும், அடியில் தேனீ இரைச்சல்.

ஆனால் பூவைக் காட்டிக்கொடுக்கும் அதே வறட்சி ஆளையும் கொல்லும். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. கர்நாடக வனத்துறையும் தீ அபாயமுள்ள மாதங்களில் பல தடங்களை மூடிவிடுகிறது. முக்கியத் தடங்களுக்கு இணையத்தில் முன்பதிவும் கேட்கிறது. இதைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது பேரை மந்தையாக ஓட்டிப்போகும் ஏற்பாட்டாளரைவிட, பத்துப் பேரோடு நின்று நின்று போகிறவரே மேல். பீடி, சிகரெட், அடுப்பு மூன்றையும் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லும் ஆள் என்றால் நம்பிப் போகலாம்.

மலை ஏற முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சீசன்வாட்ச் திட்டத்தில், வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்து வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் என்ன நிலையில் இருக்கிறது என்று பதியவேண்டும். கேரளத்தில் விஷுவுக்கு முன்பே கொன்றை பூத்துவிடுகிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் சேர்ந்தது இப்படிப்பட்ட பதிவுகளால்தான். பெங்களூரில் புங்கையும் வேம்பும் இல்லாத தெரு அபூர்வம்; யுகாதிக்கு வேப்பம்பூ பறிக்கும் வீடுகள் அந்தத் தேதியையும் குறித்து வைக்கலாம்.